புது மைதானத்துக்குப் போய் வந்தேன், கயல்

ஆர்லிங்டன், டெக்சாஸ்

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர எல்லோரும் சுகம். "இன்னுமா போகவில்லை?" என்று நீ கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாயே, அந்தப் புது பேஸ்பால் மைதானத்துக்குப் போன சனிக்கிழமை போய்விட்டு வந்தேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, மீட்டிங் இருக்கிறது" என்பாய். அதனால்தான் கடிதம்.

"புது" என்று இன்னும் நான் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குளோப் லைஃப் ஃபீல்டை 2020-லேயே திறந்துவிட்டார்கள். முதல் வருடம் கொரோனா. நம் ஊர் அணி ரேஞ்சர்ஸ் ஆடிய ஆட்டங்களுக்கு ஒரு ரசிகரைக்கூட உள்ளே விடவில்லை. ஆனால் அந்த அக்டோபரில், வருடக் கோப்பைக்கான கடைசிச் சுற்றான வேர்ல்ட் சீரிஸ் முழுவதும் இங்கேதான் நடந்தது, ரசிகர்களையும் அளவாக விட்டார்கள். கோப்பையை லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் வாங்கிக்கொண்டு போனார்கள். நாம் கட்டிய வீட்டில் எவரோ வந்து கிரகப்பிரவேசம் செய்துவிட்டுப் போன மாதிரி எனக்கு ஒரே எரிச்சல்.

அதற்குப் பிறகும் போகாமல் இருந்தது வீம்புதான். 2016 நவம்பரில் புது மைதானம் கட்டலாமா என்று வோட்டெடுப்பு வைத்தார்களே, ஊரில் அறுபது சதவீதம் பேர் வேண்டும் என்றபோது வேண்டாம் என்றவர்களில் நானும் ஒருத்தி. 1994-ல் திறந்த மைதானம். செங்கல் சுவரும் வளைவுகளுமாக எவ்வளவு அழகு! அதை விட்டுவிட்டுச் சாலைக்கு எதிர்ப்புறத்தில் நூறு கோடி டாலருக்கு மேல் போட்டு இன்னொன்று. அதில் 50 கோடி டாலர் வரை நகராட்சியின் பங்கு. விற்பனை வரியில் அரை சென்ட், ஓட்டல் அறைக்கு வரி, வாடகைக் காருக்கு வரி. ஒழுங்கான பஸ் வழித்தடம் ஒன்றுகூட இல்லாத ஊருக்கு இது தேவையா என்று அன்றைக்குக் கேட்டேன். மைதானத்தைப் பார்த்துவிட்டு வந்த பிறகும் கேட்கிறேன்.

அவர்கள் சொன்ன காரணம் வெயில். அதில் பொய் இல்லை, நீயே அனுபவித்தவள். ஜூலையில் மாலை ஏழு மணி ஆட்டத்துக்கும் 100 டிகிரி அடிக்கும். அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்தால் தொடை சுடுகிறது என்று நீ துள்ளுவாய். ஈரத் துண்டை விரித்து அதன் மேல் உன்னை உட்கார வைப்பேன். மூன்றாவது இன்னிங்ஸுக்குள் துண்டு மொடமொடவென்று காய்ந்திருக்கும்.

சனிக்கிழமை வெளியே 101. வாசலைத் தாண்டியதும் குளுகுளுவென்று இருந்தது. அப்பா சட்டைக் கை மடிப்பை இறக்கிவிட்டுக்கொண்டார். வெளியிலிருந்து பார்த்தால் எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. பார்பிக்யூ அடுப்பு போல இருக்கிறது என்று கட்டும்போதே ஊரெல்லாம் கேலி செய்தது. உள்ளே வேறு விஷயம். பழையதில் 48,000 பேருக்கு மேல் உட்காரலாம், இதில் 40,300 தான். நாங்கள் வாங்கியது மேல் தளத்தில், மூன்றாம் பேஸ் பக்கம். அங்கிருந்தே, பந்து வீசும் பிட்சர் அதன் தையலை விரலால் தடவிப் பார்ப்பது தெரிந்தது. மூடிய கூரைக்குள் மட்டையில் பந்து படும் சத்தம் 'டக்'கென்று ஒரு முறை கேட்டு, அண்ணாந்து பார்ப்பதற்குள் மேலேயிருந்து இன்னொரு முறை கேட்கிறது.

எதிரணி ஹூஸ்டன். அதனால் தொண்டை கிழியக் கத்துவதற்குக் குறைவில்லை. அப்பா மட்டும் வழக்கம்போல, "எல்லாப் பந்தையும் ஃபுல் டாஸாகவே போடுகிறார்களே" என்று ஆரம்பித்தார். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் அவர் கிரிக்கெட்டிலிருந்து இறங்கி வருவதாக இல்லை.

சுவர்களைப் பார்த்தபோது உன் நினைவுதான். இடது கோட்டின் கடைசியில் 329 என்று அடி அளவு எழுதியிருக்கிறது. அந்த 29 யாருடைய எண் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்து மட்டை பிடிக்க வேண்டியவர் காத்திருக்கும் வட்டத்துக்குள் போய் நில் என்று அம்பயர் சொன்னதற்கு, அந்த வட்ட விரிப்பையே தான் நின்ற இடத்துக்கு இழுத்து வந்து போட்டாரே நம் அணியில் ஆடிய உன் பெல்ட்ரே! வெளியே போ என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வீடியோவை நீ எத்தனை பேருக்கு அனுப்பினாய்? இடது நடுவில் 372. அணி டெக்சாஸில் முதலில் ஆடிய வருடம் 1972. மட்டை பிடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் பின்சுவருக்கும் நடுவே 42 அடி. பெரிய லீகில் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சனின் எண். வலப்பக்கக் கோட்டில் 326. நம் அணியின் பழைய மேனேஜர் ஜானி ஓட்ஸ் போட்டிருந்த 26. அளவெடுத்தவர்களில் ஒரு நல்ல ரசிகர் இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்று சொன்னால் சிரிப்பாய். புல் செயற்கைதான், ஆனால் இழைகளுக்கு நடுவே ரப்பர் தூளுக்குப் பதில் தேங்காய் நார்த்தூள் போட்டிருக்கிறார்களாம், சூடு குறைவாக இருக்குமாம். பொள்ளாச்சியில் மட்டை உரிக்கும் களங்களில் மலை மலையாகக் குவிந்து கிடக்கும் அதே சரக்கு. அப்பாவிடம் சொன்னேன். அதன் பிறகுதான் அவர் மைதானத்தைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார்.

எனக்குக் குறையாகப் பட்டது காற்று. பழைய மைதானத்தில் வலப்பக்க நடுவை நோக்கி ஒரு காற்று போகுமே, சுமாராகத் தூக்கியடித்த பந்தையும் சுவருக்கு அப்பால் கொண்டுபோய்ப் போட்டுவிடும். ஐந்தாவது இன்னிங்ஸில் நம் ஆள் ஒருவன் அந்தப் பக்கமாகத்தான் அடித்தான். சத்தம் சரியாக இருந்தது. போய்விட்டது என்று நான் எழுந்து நின்று கையைத் தூக்கிவிட்டேன். சுற்றி ஒருவரும் எழவில்லை. பந்து பாதி வழியில் களைத்துப்போய், சுவருக்கு நாலடி முன்னால் நின்றிருந்த ஹூஸ்டன்காரன் கையில் சாதுவாக விழுந்தது. முன் வரிசைப் பையன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவனுக்குப் பத்து வயதுகூட இருக்காது. கூரைக்குக் கீழேயே பேஸ்பால் கற்றுக்கொண்டவன், கண்ணில் கணக்கு சரியாக இருக்கிறது. என் கண் இன்னும் அந்தக் காற்றையும் சேர்த்தே பந்தை அளக்கிறது. இனிமேல் மாற்றிக்கொள்ளும் உத்தேசமும் எனக்கு இல்லை.

ஆனால் ஏழாவது இன்னிங்ஸில் ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட்டாக்கும் டபிள் ப்ளே ஒன்று பார்த்தேன், கயல்! இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் தன் இடப்பக்கம் பாய்ந்து பந்தைக் கையுறையில் எடுத்தான். கைக்கு மாற்றாமல், கையுறையிலிருந்தே இரண்டாம் பேஸுக்குத் தட்டிவிட்டான். அங்கே இருந்தவன் சறுக்கி வந்த காலுக்கு மேலே எம்பி, அந்தரத்தில் இருந்தபடியே முதல் பேஸுக்கு எறிந்தான். டிவியில் இதை மூன்று துண்டாகத்தான் காட்டுவார்கள். மேல் தளத்திலிருந்து பார்த்தால் மூன்று பேரும் ஒரே வீச்சில் அசைகிறார்கள். அப்பாகூட "அடடே" என்றார்.

அக்டோபர் 27-ஐ உனக்கு நினைவிருக்கிறதா? 2011-ல் அதே தேதியில்தான் செயின்ட் லூயிஸில் இரண்டு முறை கோப்பைக்கு ஒரே ஒரு ஸ்ட்ரைக் பாக்கி என்ற நிலைக்கு வந்தும் வேர்ல்ட் சீரிஸின் ஆறாவது ஆட்டத்தைக் கோட்டைவிட்டோம். நீ சாப்பிடாமல் அழுதுகொண்டே படுக்கப் போனாய். 2023-ல் அதே அக்டோபர் 27-ல், இந்தக் கூரைக்குக் கீழே வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸில் நம் சீகர் இரண்டு ரன் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தான். பதினொன்றாவதில் நம் கார்சியா ஆட்டத்தையே முடித்துவைத்தான். வீட்டில் நான் டிவி சத்தத்தை அணைத்துவிட்டு ரேடியோவில் நம் அணியின் வர்ணனையாளர் எரிக் நடேல் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ரேடியோ சில நொடி முந்தி ஓடும் அல்லவா? கார்சியா அடித்த பந்து ரேடியோவில் சுவரைத் தாண்டிவிட்டது, டிவியில் பிட்சர் இன்னும் கையைத் தூக்கவில்லை. நடேலின் குரல் நடுங்கிக்கொண்டிருக்க, திரையில் கார்சியா ஒன்றும் தெரியாதவன் போல மட்டையை ஆட்டிக்கொண்டு நின்றான். ஐந்தாவது ஆட்டத்தில், ஃபீனிக்ஸில் வைத்துக் கோப்பையை வாங்கினோம். சனிக்கிழமை கிளம்பும்போது, அந்தப் பந்து போய் விழுந்த வலப்பக்கத்துக்கு ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்பா கீழேயே நின்றுவிட்டார்.

உன் ஊர் சியாட்டில் மைதானத்திலும் நகரும் கூரை உண்டு என்று பெருமையடிப்பாய். அது மழைக்கு மேலே மறைப்பதோடு சரி. பக்கங்களை அடைப்பதில்லை, காற்று உள்ளே வரும். வெயிலுக்குப் பயந்து நாங்கள் எல்லாவற்றையும் அடைத்துவிட்டோம். ஏப்ரலில் நல்ல நாளாகப் பார்த்துக் கூரையைத் திறக்கிறார்கள். திறக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆகுமாம். நீ வருவதாக இருந்தால் ஏப்ரலில் வா. ஆகஸ்ட் வேண்டாம். டிக்கெட் நான் எடுத்து வைக்கிறேன், மேல் தளம், அதே மூன்றாம் பேஸ் பக்கம். காரை எங்கோ தொலைவில் நிறுத்திவிட்டு நடக்க அப்பா இனிமேல் வரமாட்டாராம். நாம் இருவர் மட்டும் போகலாம்.

ரேஞ்சர்ஸ் சியாட்டிலுக்கு வரும்போது நீ எந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போகிறாய் என்று எழுது. இதுவரை வேர்ல்ட் சீரிஸ் வாசலையே மிதிக்காத உன் ஊர் அணி மாரினர்ஸின் தொப்பி என்றால், அதை அப்பாவிடம் சொல்லிக்கொள்.

அன்புடன்,
அம்மா