கைண்ட்லி போட்டால் மட்டும் பணிவு வந்துவிடாது

பினாங்கில் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) முடித்த பிள்ளைகளுக்கு வேலைவாய்ப்பு ஆங்கிலப் பயிலரங்கு நடத்தும் இயக்கங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

வார இறுதியில் மண்டபம் பிடித்து, நாசி லெமாக்கும் தேநீரும் கொடுத்து, காசு வாங்காமல் நீங்கள் நடத்தும் பயிலரங்குகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் அங்கே பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மாதிரிக் கடிதத் தாளைப் பற்றி எழுதியே ஆகவேண்டும். நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் வேலை செய்கிறேன். என் நாளில் பாதி, யாரிடமாவது எதையாவது ஆங்கிலத்தில் எழுதிக் கேட்பதிலேயே போகிறது: விலைப்பட்டியல், வராத சரக்கு, திருத்திய இன்வாய்ஸ். உங்களிடம் பயின்ற பிள்ளைகள் சிலர் எங்கள் பிரிவுக்குப் பயிற்சிக்கு வருகிறார்கள். அவர்களின் முதல் மின்னஞ்சலைப் பார்த்ததுமே அந்தத் தாள் கண்முன்னே வந்துவிடுகிறது.

“ஐ ஹம்ப்ளி ரெக்வெஸ்ட் யுவர் குட்செல்ஃப் டு கைண்ட்லி டூ த நீட்ஃபுல்.” ஒரு பையன் ஜெர்மனியில் இருக்கும் சப்ளையருக்கு எழுதிய முழுக் கடிதமே இவ்வளவுதான். மேலே ஆர்டர் எண், கீழே பெயர். என்ன வேண்டும், எப்போது வேண்டும், இரண்டும் இல்லை. பதில் ஒரே வரியில் வந்தது: ‘நான் என்ன செய்ய வேண்டும்?’ பையன் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு அன்று முழுவதும் முகம் வாடிக் கிடந்தான். அந்த மனிதருக்குக் கோபமே இல்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

இந்த நடை எங்கிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியாததல்ல. தோட்டத்தில் துரைக்கு மனு போடுவதென்றால் கிராணியிடம் (தோட்டத்து எழுத்தரிடம்) போய்த்தான் எழுதி வாங்க வேண்டும். மனு போடுகிறவர் கை கட்டி நின்ற காலம் அது. எழுத்தும் கூடவே கை கட்டி நின்றது. ‘பெக் டு ஸ்டேட்’, ‘ஒபீடியன்ட் சர்வன்ட்’ எல்லாம் அந்த வெள்ளைக்கார அலுவலகங்களின் வழக்கம். இங்கிலாந்திலேயே பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். நாம்தான் இன்னும் போட்டோஸ்டாட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அதற்கு மேல் மலாய் அலுவல் கடித நடையும் வந்து சேர்ந்தது. ‘ஹராப் மக்லும்’ (‘அறிந்துகொள்ளவும்’) ஆங்கிலத்தில் ‘ப்ளீஸ் பி இன்ஃபார்ம்ட்’ ஆகிவிட்டது. மலாயில் அது முறையான, மரியாதையான சொல். ஆங்கிலத்தில் படிக்கும் வெளிநாட்டுக்காரருக்கு யாரோ அறிவிப்பு வாசிக்கிற மாதிரி இருக்கும். ‘ப்ளீஸ் ரிவர்ட்’ இன்னொன்று. மலேசியா, சிங்கப்பூர், இந்தியா முழுக்க ‘பதில் எழுதுங்கள்’ என்றே புரிந்துகொள்வோம். பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ அது பழைய நிலைக்குத் திரும்புவது. உள்ளூருக்குள் இதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும், நான் மல்லுக்கு நிற்க மாட்டேன். வெளியே போகிற கடிதத்தில்தான் சிக்கல்.

சரி, அப்படியானால் ஆங்கிலத்தில் பணிவு எங்கே இருக்கிறது? பெரும்பாலும் வாக்கியத்தை அமைக்கிற விதத்தில். நாம் ‘அனுப்புங்கள்’ என்று சொன்னாலே மரியாதை வந்து உட்கார்ந்துவிடும். ஆங்கிலத்தில் ‘செண்ட்’ முதலாளிக்கும் ஒன்றுதான், தம்பிக்கும் ஒன்றுதான். முன்னால் ஒரு ப்ளீஸ் ஒட்டினாலும் அது கட்டளைதான், கொஞ்சம் மரியாதையான கட்டளை. அதனால் அவர்கள் அதைக் கேள்வியாக்கிவிடுகிறார்கள். அந்தக் கேள்வியிலும் ‘கேன் யூ’ என்பதை ‘குட் யூ’ என்று மாற்றும்போது வேண்டுகோள் ஓரடி பின்னால் தள்ளி நிற்கிறது. ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட்’ என்று எழுதினால் இரண்டு இடத்தில் இறந்தகால வடிவம், கேட்பது என்னவோ இன்றைய காரியத்தை. இறந்தகாலம் என்றால் நேற்று நடந்தது என்று மட்டுமே படித்த பிள்ளைக்கு இது விநோதமாகத்தான் இருக்கும். யாராவது உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். (‘வுட் யூ மைண்ட்’ என்று யாராவது கேட்டால் ‘நோ’ என்பதுதான் சம்மதம் என்பதையும் அப்படியே சொல்லிவிடுங்கள். சம்மதம் என்று நினைத்து ‘யெஸ்’ போட்டு மாட்டிக்கொள்கிற பிள்ளைகள் நிறைய.)

இந்தச் சுற்றலெல்லாம் எதற்கு? எதிரில் இருப்பவர் ‘முடியாது’ என்று சொல்ல ஒரு வழி வைப்பதற்கு. பெனலப்பி ப்ரௌன், ஸ்டீஃபன் லெவின்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978-இல் பணிவைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மொழியியல் படிப்பவர்கள் இன்றும் அதிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார்கள். ஒருவரிடம் எதையாவது கேட்பது அவருடைய சுதந்திரத்தில் கை வைப்பது, அந்த உரசலைக் குறைக்கவே மக்கள் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள் என்பது அவர்கள் சொன்னவற்றில் ஒன்று. அவர்கள் முக்கியமாக எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஒன்று ஆங்கிலம், ஒன்று மெக்சிகோவின் ட்செல்டால், மூன்றாவது தமிழ். கோயம்புத்தூர் வட்டாரத்துக் கிராமத்துத் தமிழ்! பக்கத்து வீட்டுக்குப் போகும் நம் அம்மா ‘சீனி கொடு’ என்றா கேட்கிறார்? ‘கொஞ்சம் சீனி இருக்குமா?’ என்றுதானே. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புதுப் பாடமே இல்லை. வீட்டில் தெரிந்த வித்தையை ஆங்கிலத்தில் எப்படிச் செய்வது என்று காட்டினால் போதும்.

ஓர் உதாரணம். தைப்பூசத்துக்கு இங்கே பொதுவிடுமுறை உண்டு. ஆனால் இரதம் முதல் நாளே ஜார்ஜ்டவுனிலிருந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கிளம்பிவிடுகிறது. அந்த நாளுக்கு விடுப்பு கேட்கும் பிள்ளை எழுதுவது: ‘ப்ளீஸ் அப்ரூவ் மை லீவ். தேங்க்ஸ் இன் அட்வான்ஸ்.’ மேலாளர் இன்னும் யோசிக்கவே இல்லை, அதற்குள் நன்றி சொல்லியாகிவிட்டது. இதையே ‘வுட் இட் பி பாசிபிள்’ என்று தொடங்கி, எந்தத் தேதி என்று எழுதி, இரத ஊர்வலம் பற்றி ஒரு வரி (மேலாளருக்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை), அன்றைய ஷிப்டை யார் பார்த்துக்கொள்கிறார் என்று ஒரு வரி, எப்போதைக்குள் பதில் தெரிந்தால் நல்லது என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. ஹம்ப்ளி எங்கும் வரவில்லை. மேலாளர் உடனே சரி என்று சொல்லலாம். முடியாவிட்டால் அதையும் சங்கடமில்லாமல் சொல்லலாம்.

தேதி விஷயத்தில் உங்கள் பயிற்றுநர்கள் சிலரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. பெரியவர்களுக்குக் கெடு வைக்கக் கூடாது, ‘அட் யுவர் ஏர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்’ என்று எழுதினால் போதும் என்கிறார்கள். நேரில் பேசும்போது சரி. கடிதத்தில் அப்படி எழுதினால், படிப்பவர் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒதுக்கிவைப்பார். வெள்ளிக்கிழமை கப்பல் ஏற்ற வேண்டும், அதனால் புதன்கிழமைக்குள் தெரிந்தால் உதவியாக இருக்கும் என்று காரணத்தோடு சொல்வது கெடு வைப்பதாகாது. அவருடைய வேலையை எளிதாக்குகிறோம். அதேபோல், வழக்கமாக அனுப்புகிற ஓர் இன்வாய்ஸைக் கேட்பதற்கு ‘வொண்டரிங்’, ‘பாசிப்ளி’ எல்லாம் அடுக்கினால் கிண்டல் மாதிரி ஆகிவிடும். சின்ன உதவிக்கு ‘குட் யூ’ போதும். பெரிய உதவிக்குத்தான் பெரிய வளைவு.

2021 முதல் எஸ்.பி.எம். ஆங்கில எழுத்துத் தாளின் முதல் பகுதி ஏறத்தாழ 80 சொல்லில் ஒரு மின்னஞ்சல். பல்கலைக்கழகம் போக எழுதும் மூயெட் ஆங்கிலத் தேர்விலும் மின்னஞ்சலோ கடிதமோ உண்டு. நல்ல மாற்றம்தான். ஆனால் தேர்வுத் தாளில் எழுதும் மின்னஞ்சலுக்கு யாரும் பதில் போடப்போவதில்லை, மதிப்பெண்தான் வரும். பதில் வருகிற மாதிரி எழுதவைக்க உங்களால்தான் முடியும். பழைய தாளை ஒதுக்கிவையுங்கள். பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடனைத் திருப்பிக் கட்ட அவகாசம், வாடகை வீட்டு முன்பணம், கல்லூரியிலிருந்து சான்றிதழ் நகல் என்று பிள்ளைகளுக்கு நிஜமாகத் தேவைப்படுவதை எழுதச் சொல்லுங்கள். ஒருவர் எழுத, பக்கத்திலிருப்பவர் பதில் எழுதட்டும். சில பேர் மறுத்தும் எழுதட்டும். மறுப்பு வந்த பிறகு இரண்டாவது கடிதம் எப்படி எழுதுவது என்பதை எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிற யாரும் கற்றுக்கொண்டு வந்ததில்லை.

அடுத்த பயிலரங்குக்கான தாள் அச்சுக்குப் போகும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்ப முடியுமா? ஒரு வாரம் முன்னதாகக் கிடைத்தால், பெயர்களை நீக்கிய சில நிஜ மின்னஞ்சல்களைச் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடுவேன். சனிக்கிழமை என்றால் நேரிலும் வரலாம். ஏற்கெனவே அச்சாகிவிட்டது என்றால் பரவாயில்லை, அதை மட்டும் ஒரு வரி தெரிவியுங்கள். மாதிரிகளைத் தனித்தாளாக அடித்து எடுத்துவருகிறேன்.

அன்புடன்,
பாயான் லெப்பாஸிலிருந்து ஒரு கொள்முதல் பிரிவு ஊழியர்