நாலு மூச்சு

அன்புள்ள முரளிக்கு,

எட்டு மாசமா பதில் போடலைன்னு நீ திட்டி எழுதினதெல்லாம் நியாயம்தான். ஊறுகாய் பாட்டில் உடையாம அந்தமான்ல இந்த ஹேவ்லாக் தீவு வரைக்கும் வந்து சேர்ந்துச்சு, அக்காகிட்ட சொல்லிடு. நம்ம குண்டுவோட கல்யாணத்துக்கு நான் வராததுக்கு நீயே ஏதாவது பொய் சொல்லி வை. உனக்குத்தான் அது கைவந்த கலை.

விஷயம் அதில்லை. போன செவ்வாய்க்கிழமை ஒரு ஆளைக் கொல்லப் பாத்தேன்டா.

பதறாதே, நல்லா இருக்கார். கோயம்புத்தூர்க்காரர், நாப்பது ஸ்கூபா டைவ் முடிச்சவர். 18 மீட்டர் ஆழத்துல என் தோளைத் தட்டி, டேங்க்ல இருக்கிற காத்தைக் காட்டற கேஜைக் காட்டினார். அவர் மூச்சு இழுக்கும்போது முள்ளு சர்ருன்னு பூஜ்யத்துக்கு விழுது; விட்டதும் 150-க்கு ஏறுது. மறுபடி இழுத்தா மறுபடி பூஜ்யம். என் டேங்க்ல இருக்கிற உபரி மூச்சுக்குழாயை, ஆக்டோபஸ்ம்போம், அவர் வாயில கொடுத்து, வாரைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா மேல வந்தோம்.

படகுல ஏறினதும் நான் கேட்ட முதல் கேள்வி: "டேங்க் வால்வைத் திறக்காமயா சார் குதிச்சீங்க?" பாவம், அவர் தலையைக் குனிஞ்சு "சாரி"ன்னார்.

டேங்க்கைக் கழட்டும்போதுதான் உறைச்சுது. காலையில குதிக்கிற அவசரத்துல, உதவி பண்றேன்னு அவர் முதுகுப் பக்கம் கை விட்டு வால்வைத் திருகினது நான். அவர் முழுசாத்தான் திறந்து வச்சிருந்தார். எனக்குத் திசை மாறிப்போய் மூடிட்டேன். அப்புறம் பழக்கதோஷத்துல கால் சுத்து திருப்பி விட்டிருக்கேன். முழுசாத் திறந்துட்டு கால் சுத்து பின்னால விடணும்ங்கிறது பழைய பாடம். மூடிட்டு விட்டாலும் கைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும், அதுதான் கொடுமை. மேல இருக்கிற வரை அந்த இடுக்குல வர்ற காத்து போதும். 18 மீட்டர்ல ஒரு மூச்சுக்குக் கிட்டத்தட்ட மூணு மடங்கு வேணும்.

அமெரிக்காவுல டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் (DAN)னு டைவர்களோட பாதுகாப்புக்கான ஒரு அமைப்பு 947 ஸ்கூபா மரணங்களை அலசியிருக்கு. எதுல ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சதுல 41 சதவீதம் காத்து போதாமத்தான். இவர் போயிருந்தா அப்படி ஒரு கணக்குல ஒண்ணு கூடியிருக்கும். என் கை அதுல எங்கேயும் இருந்திருக்காது.

குகை டைவர் ஷெக் எக்ஸ்லி பத்தி முன்னாடி எழுதியிருக்கேன் இல்லே? ஃப்ளோரிடா நீர்க்குகைகள்ல செத்தவங்க கதைகளைப் பிரிச்சுப் பாத்து 1979-ல ஒரு சின்னப் புத்தகம் போட்டார். முட்டாப் பசங்கன்னு எழுதி மூடியிருக்கலாம். அவர் தேடினது வேற: வாசல் வரைக்கும் கயிறு இருந்துச்சா, திரும்பி வர மூணுல ரெண்டு பங்கு காத்து மிச்சம் வச்சாங்களா, எவ்வளவு ஆழம் போனாங்க. குகைக்குள்ள போறவங்களுக்கு இன்னிக்கும் அதுதான் விதி. அவரே 1994-ல மெக்சிகோவுல ஒரு ஆழக்குழியில செத்துப்போனார். அதுக்காக அவர் விதியை யாரும் தூக்கிப் போடலை.

அன்னிக்கு ராத்திரி கோயம்புத்தூர்க்காரர் ரூமுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். கத்துவார்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் ஃபேனையே பாத்துட்டு, "குதிக்கறதுக்கு முன்னாடி கேஜைப் பாத்துக்கிட்டே நாலு மூச்சு இழுத்திருந்தா தெரிஞ்சிருக்குமா?"ன்னு கேட்டார். இந்த அளவு அடைச்சிருந்தா முள்ளு ஆடியிருக்கும்னேன். இப்ப எங்க படகுல அதைப் பண்ணாம யாரும் குதிக்கிறதில்லை. அடுத்தவன் வால்வை எவனும் தொடறதும் இல்லை, நான் உட்பட.

உன் மருந்துக்கடையில ரெண்டு நீலப் பெட்டி மாறிப்போன விவகாரத்தை நீ எனக்கு மட்டும் ஏன் சொன்னேங்கிறது அப்பப் புரியலை. அந்த ரெண்டு பெட்டியும் இன்னும் பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கா? கடைப் பையன்களுக்காவது தெரியுமா? எழுது.

உன்,
சேது