சைக்கிள் சொன்ன கடற்கரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேதாரண்யம் வட்டத்தில் 31 ஆண்டுகள் சைக்கிளில் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். கருப்பம்புலம், ஆயக்காரன்புலம், தகட்டூர் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு மேடு ஏற வேண்டும், அப்புறம் பள்ளம், மறுபடியும் ஒரு மேடு. தரையைப் பார்த்தால் மட்டமாகத்தான் தெரியும். மணியார்டர் பையோடு எதிர்காற்றில் மிதிப்பவனுக்குத்தான் அந்த ஏற்றம் புரியும். மூன்று இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டே போவேன்.

போன மாதம் பேரன் செல்போனில் இஸ்ரோவின் புவன் என்ற செயற்கைக்கோள் படத்தைத் திறந்து எங்கள் ஊரைக் காட்டினான். அசந்துபோனேன். கோடியக்கரையிலிருந்து திருத்துறைப்பூண்டி வரை வில்போல வளைந்த கோடுகள், ஒன்றன்பின் ஒன்றாக. ஒரு கோட்டில் வீடும் மாந்தோப்பும் சவுக்கும், அடுத்ததில் வயல். நான் மூச்சு வாங்கிய மேடுகள் எல்லாம் அங்கே வரிசையாக இருந்தன.

அவை பழைய கடற்கரைகள். காவிரி கொண்டுவந்து தள்ளிய மணலைக் கடல் நீரோட்டம் தெற்கே இழுத்து வந்து கரையாகக் குவித்திருக்கிறது. அதற்கு முன்னால் இன்னொரு கரை, அதற்கும் முன்னால் இன்னொன்று என்று நிலம் கடலுக்குள் வளர்ந்திருக்கிறது. செயற்கைக்கோள் படங்களில் இந்தக் கோடுகளைக் கண்ட திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தார் மண்ணெடுத்துக் கரிமக் கணக்கு, அதாவது அதிலுள்ள கார்பனை வைத்து வயது கணக்கிடும் முறையில், பார்த்தார்கள். திருத்துறைப்பூண்டிக் கரைக்கு ஏறக்குறைய 6,000 ஆண்டு வயது. கோடியக்கரைப் பக்கம் ஆயிரத்துச் சொச்சம்தான். தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் அதற்கும் கிட்டத்தட்ட ஒரே வயது!

1988 மார்ச்சில் வானிலிருந்து நிலத்தைப் படமெடுக்கும் நம் நாட்டுத் தொலையுணர்வுச் செயற்கைக்கோள்களில், சோதனைக்காக அல்லாமல் முழுப் பயன்பாட்டுக்கு என்று வந்த முதலாவதான ஐஆர்எஸ்-1ஏ மேலே போனது. அது வானத்தில் சுற்றிய நாட்களில் நான் கீழே இந்த மேடுகளைத் திட்டிக்கொண்டே மிதித்திருக்கிறேன்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இப்போது வீட்டுமனைப் பள்ளத்தை நிரப்ப இந்த மேடுகளைத்தான் வெட்டி டிராக்டரில் அள்ளுகிறார்கள். கேட்டால், "சும்மா கிடக்கிற மண்ணுதானே" என்கிறார்கள். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின்மேல் மிதந்து நிற்பதால்தான் மேட்டில் நல்ல தண்ணீர். பள்ளத்து வீடுகளில் உப்பு. கோடையில் எந்தத் திண்ணையில் தண்ணீர் கேட்கலாம், எங்கே கேட்கக் கூடாது என்பது தபால்காரனுக்கு மனப்பாடம். மேட்டை வெட்டினால் அந்தக் கிணறும் போய்விடும்.

மண்ணெடுக்க அனுமதி தருபவர்கள் கையெழுத்துக்கு முன் அந்தப் படத்தை ஒருமுறை திறந்து பார்க்கட்டும். தங்கள் நாளிதழும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை அரைப் பக்கத்துக்குப் பெரிதாக, ஊர்ப் பெயர்களோடு அச்சிட்டால் நல்லது. செல்போனில் பார்க்க என் வயதுக்காரர்களுக்குக் கண் போதவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
வேதாரண்யம் வட்டம்.