கண்ணை மூடிக் கேட்ட நகைச்சுவைப் பாட்டுகள்

அன்பிற்குரிய நண்பர் ராமலிங்கம் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. இடக்கண்ணில் புரை எடுத்த பின், சில நாள் படிப்பதையும் தொலைக்காட்சியையும் ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இந்தத் தாமதம். இப்போது நலம். சகோதரியின் முழங்கால் வலி எப்படியிருக்கிறது என்று எழுதுங்கள்.

நகைச்சுவைப் பாட்டுகளில் பல இரவல் மெட்டுதானே, அதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாட்டுகளையே கேட்டுக் கிடந்தவனிடம் கேட்டிருக்கிறீர்கள்.

'பலே பாண்டியா' (1962) படத்தின் 'நீயே உனக்கு என்றும் நிகரானவன்' பாட்டைப் பேத்தி கைப்பேசியில் போட்டாள். இத்தனை ஆண்டுகளாக நான் சிரித்தது சிவாஜியின் முகத்தையும் எம்.ஆர்.ராதாவின் முகத்தையும் பார்த்துத்தான் என்பது அன்றுதான் புரிந்தது. படம் இல்லாமல் கேட்டால், டி.எம்.சௌந்தரராஜன் ஒரு வித்வானைப் போலவே நிறைவாகப் பாடுகிறார், ராதாவுக்காக எம்.ராஜு சொல்லும் ஸ்வரங்கள் தாளத்தில் இம்மியும் பிசகவில்லை. நடுவே விழும் 'மாமா', 'மாப்ளே' என்ற சொற்களை எடுத்துவிட்டால் சபா மேடையிலேயே பாடிவிடலாம். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் கேலிக்காகக் கச்சேரி இசையைக் கோணலாக்கவில்லை. கோணலையெல்லாம் நடிகர்களிடம் விட்டுவிட்டார்கள்.

அடுத்து 'நல்லதம்பி' (1949) படத்தில் கலைவாணர் நடத்தும் 'கிந்தனார்' காலட்சேபம். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தைப் பார்த்துச் செய்த கேலி அது. அதில் நந்தன் சிதம்பரம் போகத் தவிக்கிறான். கலைவாணரின் கிந்தன் படிப்பதற்காகப் பட்டணம் போகத் தவிக்கிறான். காலட்சேபம் செய்யும் பாகவதரின் தோரணையும் கதையை இழுத்துச் சொல்லும் லாவகமும் அப்படியே பழையவை. தெய்வம் இருந்த இடத்தில் பள்ளிக்கூடம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். பேத்தி சிரிக்கவே இல்லை. நந்தனாரையே அறியாத பெண்ணுக்குக் கிந்தனார் எப்படிப் புரியும்? ஆனால் சாதி பாராமல் எல்லாரையும் ஏற்றிச் செல்லும் அந்த ரயில் பாட்டை மட்டும் மறுபடி போடச் சொன்னாள். மூலம் தெரியாதவளுக்கும் அது தனிப்பாட்டாக நின்றுவிட்டது.

மெட்டுத் திருட்டு என்றும் எழுதியிருந்தீர்கள். இங்கிலாந்தின் அரச வாழ்த்துப் பாடலின் மெட்டை எடுத்து 'சந்ததம் பாஹி மாம்' என்று அம்பாளுக்குச் சூட்டிய முத்துசுவாமி தீட்சிதரை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்? கோபித்துக்கொள்ளாதீர்கள், கேட்டு வைத்தேன்.

உங்கள் கோபத்துக்கு உண்மையான காரணம் 'படோசன்' (1968) என்ற இந்திப் படம் என்றுதான் எனக்குப் படுகிறது. தமிழ்ப் பாட்டு வாத்தியாராக வந்து மெஹ்மூத் அடிக்கும் கூத்தில் எனக்கும் வருத்தமுண்டு. ஆனால் அதில் வரும் 'ஏக் சதுர் நார்' என்ற போட்டிப் பாட்டைக் கேட்டால் மட்டும் வருத்தம் மறந்துபோகிறது. அந்த முதலடி 1941-இல் 'ஜூலா' படத்தில் அசோக் குமார் பாடியது. தமையன் பாடிய அடியை வைத்துக்கொண்டு, இருபத்தேழு ஆண்டுகள் கழித்துத் தம்பி கிஷோர் குமார் களத்தில் இறங்குகிறார். எதிரில் மெஹ்மூதுக்காகப் பாடுபவர் முறையாகச் சாஸ்திரிய சங்கீதம் பயின்ற மன்னா டே. முறையாகப் பயிலாதவர் பயின்றவரைத் திணற அடிக்கும் வேடிக்கை முழுவதும் குரலிலேயே நடப்பதால், இதற்கு மட்டும் எனக்குக் கண் தேவைப்படவில்லை. 'பலே பாண்டியா'வுக்கு நேர் எதிர்.

'படோசன்' படத்தின் இதே கதை, 'பாஷேர் பாடி' என்ற வங்காளப் படத்திலிருந்து நம்மிடம் 1960-இலேயே 'அடுத்த வீட்டுப் பெண்' என்று வந்ததை மறந்துவிடாதீர்கள். அதில் சீர்காழியும் திருச்சி லோகநாதனும் பாடும் 'கண்களும் கவிபாடுதே' சிரிப்புக்கு அவ்வளவாக இடம் தரவில்லை. இரண்டு கம்பீரமான குரல்கள் மோதும்போது சிரிக்க யாருக்குத் தோன்றும்?

தை பிறந்ததும் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வரும்போது, உங்களிடமுள்ள தண்டபாணி தேசிகரின் 'நந்தனார்' பாட்டுகளை மறக்காமல் எடுத்து வாருங்கள். பேத்திக்கு முதலில் அவற்றைப் போட்டுக் காட்டிவிட்டு, அதன் பிறகு கிந்தனாரை மறுபடி போட வேண்டும். எந்த இடத்தில் சிரிக்கிறாள் என்று நாம் இருவரும் உட்கார்ந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு நண்பன்
சிவகுருநாதன்