பின்சக்கரத்தை முதலில் வீட்டில் கழற்று

பொள்ளாச்சி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தென்னையில் வெள்ளை ஈ மறுபடியும் ஏறிவிட்டது. ஓலையெல்லாம் கரி பூசியது போலக் கிடக்கிறது. மைதாக் கஞ்சி தெளித்தால் அந்தக் கரும்பூசணம் காய்ந்து செதில் செதிலாக உரிந்து விழுகிறது. அதிலேயே பொழுது போய்விட்டது. வீட்டில் எல்லோரும் நலம்.

இந்த வயதில் நீ 350 சிசி வண்டி வாங்கியதில் எனக்குத்தான் அதிக சந்தோஷம். அதைவிட, தங்கச்சியும் பின்னால் உட்கார்ந்து வால்பாறை வரை வருவதாகச் சொன்னது. தை பிறந்ததும் கிளம்புங்கள். மழை ஓய்ந்திருக்கும், சாலையும் காய்ந்திருக்கும்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். வழியில் வண்டி பழுதானால் சரிசெய்ய, ஸ்பேனரும் திருப்புளியுமாக 108 உருப்படி கொண்ட கருவிப் பெட்டி பாதி விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். அதில் முக்கால்வாசி உன் வண்டியின் எந்த நட்டிலும் உட்காராது. உட்காருகிற நாலைந்தும் மட்ட இரும்பாக இருந்தால் முதல் இறுக்கமான போல்ட்டிலேயே வாய் விரிந்துவிடும். ஸ்பேனர் போனால் வேறு வாங்கலாம். போல்ட்டின் தலை மழுங்கிப்போனால் அதை எடுப்பதற்குள் ஒரு நாள் போய்விடும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் வால்பாறையிலிருந்து இறங்கும்போது அட்டகட்டிக்குக் கொஞ்சம் மேலே பின்சக்கரம் பஞ்சர். ஸ்போக்ஸ் வீல், டியூப் டயர். பையில் ஒட்டுப் போடும் சாமான், டயர் லிவர், காற்றடிக்கும் பம்ப், ஸ்பேனர் செட் எல்லாம் இருந்தன. ஆனால் செட்டில் பெரியது 22 மி.மீ. சக்கரத்தின் நடு அச்சைப் பிடிக்கும் ஆக்ஸில் நட்டு 24. மாலை ஐந்தரை மணி, யானை இறங்குகிற இடம். குரங்குகளைத் தவிர வேறு யாருமில்லை. இரண்டு மணி நேரம் கழித்துத் தேயிலை ஏற்றி வந்த ஒரு லாரிக்காரர் வண்டியைத் தூக்கிப் பின்னால் போட்டுக்கொண்டு ஆழியாறு வரை கொண்டுவந்து விட்டார். அந்தச் சக்கரத்தை அதற்கு முன் ஒரு தடவையாவது வீட்டு வாசலில் கழற்றியிருந்தால் 24 வேண்டும் என்று தெரிந்திருக்கும். அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி: வீட்டில் ஒரு முறை கையாளாத கருவி என் பையில் ஏறாது.

அதனால் கடைக்குப் போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி பக்கத்தில் நோட்டோடு உட்கார். முன்சக்கரத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு நட்டாகத் தொட்டு, எது எந்த அளவு என்று எழுது. தெரிந்த மெக்கானிக்கிடம் ஸ்பேனர்களை ஒரு மணி நேரம் இரவல் வாங்கிக்கொள். சின்ன வேலைகளில் பெரும்பாலும் 8, 10, 12, 14 இவைதான் திரும்பத் திரும்ப வரும். தலையில் ஆறு மூலைக் குழியுள்ள போல்ட்டுக்கான ஆலன் கீயில் 5, 6, 8. ஆக்ஸில் நட்டு மட்டும் வண்டிக்கு வண்டி மாறும். அதைத் திருப்பும்போது மறுபுறம் ஆக்ஸில் சேர்ந்து சுற்றும், அதைப் பிடித்துக்கொள்ள இன்னொன்று வேண்டும். இரண்டு பக்கமும் அளந்து எழுது. நோட்டில் இருப்பதை மட்டும் வாங்கு. பத்துப் பன்னிரண்டு உருப்படிக்கு மேல் வராது.

வாங்குவதற்குப் பாரிமுனைக்குப் போ. லிங்கிச் செட்டித் தெருவில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். நாசிக்கில் செய்கிற தப்பாரியா எனக்குப் பல வருடமாக உழைக்கிறது. ஜலந்தரில் செய்தவையும் நல்லவை கிடைக்கும். குரோம் வெனேடியம் என்று, அதாவது உறுதியான எஃகு என்று, உடம்பில் பொறித்திருக்கிறதா பார். ஒரு பக்கம் ரிங், ஒரு பக்கம் திறந்த வாயுள்ள ஸ்பேனராக எடு. இறுக்கத்தை முதலில் உடைக்க ரிங், பிறகு வேகமாகச் சுற்ற மறுமுனை. பாக்ஸ் ஸ்பேனர் எடுத்தால் உள்ளே ஆறு மூலை உள்ளதாக இருக்கட்டும். பன்னிரண்டு மூலை உள்ளது எளிதாக மாட்டும், ஆனால் துருப்பிடித்த நட்டின் முனையைச் சீவிவிடும்.

திருப்புளி விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. ஜப்பான் வழி வந்த வண்டிகளில் ஸ்டார் ஸ்குரூ என்று நாம் சொல்வது வேறு வகை. சாதாரண ஸ்டார் திருப்புளியின் முனை அதில் அடிவரை இறங்காது, அழுத்தித் திருப்பினால் வழுக்கி மேலேறிவிடும். ஸ்குரூவின் தலையில் ஒரு சின்னப் புள்ளி இருந்தால் அதற்கு ஜப்பான் அளவுத் திருப்புளிதான். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் அந்த ஸ்குரூக்கள் மழுங்கிப்போய் எத்தனை வண்டி பார்த்திருக்கிறேன்! உன் வண்டியில் எது என்று அந்த ஞாயிற்றுக்கிழமையே பார்த்துவிடு.

நீ எழுத மறந்தது ஒன்று. உன்னுடையது அலாய் வீலா, ஸ்போக்ஸா? பையின் பாதி எடையை அதுதான் முடிவு செய்கிறது. அலாய் என்றால் பெரும்பாலும் டியூப்லெஸ். சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். ஆணி ஏறிய இடத்தைக் கண்டுபிடித்து, ஓட்டையை அடைக்கும் ரப்பர் திரியும் அதைச் செருகும் ஊசியும் கையில் தயாரான பிறகுதான் ஆணியைப் பிடுங்க வேண்டும். ஓட்டையை அரத்தால் நன்றாகக் கடைந்து, திரியைச் செருகி, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டால் போதும். பழைய டயர் ஒன்றில் நாலு தடவை செய்து பார்த்துவிடு. கடையும்போது வேண்டிய பலத்தைக் கை தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்போக்ஸும் டியூபும் என்றால் இரண்டு டயர் லிவர், ஒரு மாற்று டியூப், ஆக்ஸிலுக்கான ஸ்பேனர்கள். ரோட்டில் ஒட்டுப் போட உட்காராதே, டியூபை மாற்றிவிடு, ஒட்டு ஊரில் போட்டுக்கொள்ளலாம். எதுவானாலும் காற்றடிக்க ஒன்று வேண்டும். நான் பாட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரசரும் வைத்திருக்கிறேன், கைப்பம்பும் வைத்திருக்கிறேன்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்த பிறகு கார்புரேட்டரைக் கழற்றி ஊதுகிற வேலை பெரும்பாலான புது வண்டிகளில் இல்லை. பெட்ரோலைச் செலுத்துவதும் பாட்டரியை நம்பித்தான், அது இறங்கிவிட்டால்தான் தொல்லை. பாட்டரி முனையை இறுக்கும் திருப்புளியும் மாற்று பியூஸும் கட்டாயம். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15. எது போனதோ அதே நிறம்தான் போட வேண்டும். பெரியதைப் போட்டால் ஒயர் எரியும்.

செயின் அறுந்தால் இரு முனையையும் இணைக்க ஒரு செயின் லாக் வைத்துக்கொள். மாட்டும்போது கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்த்திருக்க வேண்டும். இதில் தவறு செய்தால் கிளிப் எங்காவது தட்டிக் கழன்று விழும். கிளட்ச் கேபிள் புதிதாக ஒன்று வாங்கி, இருக்கிறதோடு சேர்த்தே இப்போதே ஒட்டிக் கட்டி வை. பழையது அறுந்தால் புதியதன் இரண்டு முனையையும் மாட்டிக் கிளம்பிவிடலாம். கட்டிங் பிளேயர், இன்சுலேஷன் டேப், ஒயர் கட்டும் பிளாஸ்டிக் டேக், கட்டுக்கம்பி, தலையில் மாட்டும் விளக்கு, அப்புறம் பழைய டியூபில் வெட்டிய நாலு ரப்பர் வளையம். அவ்வளவுதான்.

இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் பையில் வேண்டாம், வீட்டில் இருக்கட்டும். இஞ்சின் உடம்பு அலுமினியம் என்பதை மறக்காதே. ஆயில் போல்ட்டைக் கையில் இருக்கிற பலமெல்லாம் போட்டு இறுக்கினால் மரை போய்விடும். புது பிளக்கைக் கையால் உட்காரும் வரை சுற்றி, பிறகு ஸ்பேனரில் அரைச் சுற்று. நம் சின்ன வயதில் காலை வைத்து அமுக்குவோமே, அதை மறந்துவிடு.

பொங்கல் கழிந்த வாரம் வருவதாக எழுதியிருக்கிறாய். முதல் நாள் மாலையே வந்துவிடு. மறுநாள் காலை வாசலில் வேப்பமரத்தடியில் உன் பையைப் பிரித்து வைத்துக்கொண்டு பின்சக்கரத்தை நீயே கழற்றி மாட்டு, நான் பக்கத்தில் நிற்கிறேன். பத்து மணிக்குக் கிளம்பினால் ஆழியாற்றுக்கு மேலே 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி மதியச் சாப்பாட்டுக்கு வால்பாறையில் இருக்கலாம். ஒன்பதாவது வளைவில் நிறுத்துவோம். அங்கே வரையாடு நிற்கும், தங்கச்சி பார்க்கட்டும்.

வீல் என்ன வகை என்று உடனே எழுது. டியூப் என்றால் இங்கேயே ஒன்று வாங்கி வைக்கிறேன்.

உன்
மணி