நோட்டில் எடையையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பக்கத்தில் ஒரு வாசகர், குண்டானவர்களுக்கு அரசுக் காப்பீட்டில் எடை குறைக்கிற ஆபரேஷன் எதற்கு, வாயைக் கட்டினால் போதாதா என்று எழுதியிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். சொல்லவும் செய்தேன், என் தங்கச்சி முகத்துக்கு நேராகவே.

நான் பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவன். தங்கச்சிக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வயது 34, இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் ஏறின உடம்பு இறங்கவே இல்லை. சர்க்கரை வந்தது, பிரஷர் வந்தது, கடைசியில் பஸ்ஸில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போய் ஸ்டாப் தாண்டி இறங்க ஆரம்பித்தாள். ராத்திரி அவள் விடும் குறட்டையில் தறிச் சத்தமே தோற்றுப்போகும் என்று மாப்பிள்ளை கேலி பண்ணுவார், நாங்களும் சிரிப்போம். அந்தக் குறட்டை நடுவில் சட்டென்று நின்று, கொஞ்ச நேரம் மூச்சே இல்லாமல் கிடந்து, அப்புறம் திடுக்கென்று எழுந்து உட்காருவாளே, அது தூக்க மூச்சடைப்பு என்கிற வியாதி என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

வாயைக் கட்டாமலும் இல்லை. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று எங்கள் ஊரில் வாசலில் நிற்கிறவர்கள்கூடச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு வருடம் கொள்ளு ரசமும் கொள்ளுப் பருப்புமாக ஓட்டினாள், ராத்திரிச் சோற்றை விட்டாள், விடியற்காலை நடந்தாள். 9 கிலோ இறங்கியது. அடுத்த ஆறு மாதத்தில் 12 கிலோவாகத் திரும்பி வந்தது.

எடை எவ்வளவு என்று தெரிந்துகொள்வதே பெரும்பாடு. பக்கத்து கிளினிக் மிஷினில் ஏறினால் நம்பருக்குப் பதில் எரர் என்று காட்டியது. "பெரிய மிஷின் எங்காச்சும் இருந்தா போட்டுட்டு வந்துருங்க அம்மிணி" என்றார் நர்சம்மா. எங்கே போவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை தறி நின்ற பிறகு, நூல் மூட்டை எடை போடுகிற மேடைத் தராசில் அவளை ஏறச் சொன்னேன். செருப்பைக் கழற்றி, செல்போனைத் திண்ணையில் வைத்துவிட்டு, "அண்ணா, நீ அந்தப் பக்கம் திரும்பிக்க" என்றாள். 128 கிலோ 400 கிராம். பாவு கணக்கு எழுதுகிற சுவரில் சாக்பீஸால் 128 என்று தேதி போட்டு எழுதினேன். இறங்கி வந்தவள் ஒன்றும் பேசாமல் முந்தானையால் அதை அழித்துவிட்டாள். அப்படித் தேதி போட்டு எழுதின நம்பருக்காகத்தான் பின்னால் மாதக்கணக்கில் அலைந்தோம்.

கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் டாக்டர் பார்த்தார். கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவதுதான் பி.எம்.ஐ. என்கிறார்கள், 152 சென்டிமீட்டர் உயரத்துக்கு அவளுக்கு 55 வந்தது. இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்யலாம் என்றார். கையிலிருந்து கட்டினால் மூன்றரை லட்சம். சரி, அரசுக் காப்பீட்டு அட்டை இருக்கிறதே, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் என்கிறார்களே என்று தைரியமாகப் போனோம். அந்த 5 லட்சம் பர்சில் இருக்கும் பணம் மாதிரி இல்லை என்பது அங்கே போன பிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனித்தனித் தொகை உண்டு, இந்த மாதிரி ஆபரேஷனுக்கு முன் அனுமதி வாங்க வேண்டும், மருத்துவமனை அனுப்பும் காகிதங்களைப் பார்த்துத்தான் அதைக் கொடுப்பார்கள்.

முதல் தடவை திரும்பி வந்தது, தைராய்டு ரிப்போர்ட் இல்லை, தூக்கப் பரிசோதனை இல்லை என்று. தலையிலும் மார்பிலும் வயரை ஒட்டி ஒரு ராத்திரி படுக்க வைத்து எடுக்கிறார்கள், அதற்கு நாள் கிடைக்க மூன்று வாரம். இரண்டாம் தடவை, மனநல டாக்டர் எழுத்து, இதய எக்கோ, உணவு ஆலோசகர் குறிப்பு. ஒவ்வொன்றுக்கும் பல்லடத்திலிருந்து கோயம்புத்தூர் போய் வர ஒரு நாள், பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவளுக்கு அன்றைக்குச் சம்பளம் கிடையாது. இ.எஸ்.ஐ. இருந்திருந்தால் வேறு வழி இருந்திருக்கும். அவள் சம்பளத்தில் அதற்குப் பணம் பிடிக்கிறதில்லை, அது தனிக் கதை. காப்பீட்டு மேசையில் இருந்த பையனிடம், இதையெல்லாம் முதல் நாளே சொல்லியிருக்கலாமே தம்பி என்றேன். "என்ன கேட்பாங்கன்னு எங்களுக்கே வந்தாத்தானுங்க தெரியும்" என்றான்.

அதோடு ஒரு கேள்வி. இதற்கு முன் எடை குறைக்க என்ன முயற்சி எடுத்தீர்கள், எத்தனை நாள், அதற்கு என்ன ஆதாரம்? கொள்ளு ரசத்துக்கு யாருங்க ரசீது கொடுப்பார்கள்?

இந்தக் கேள்வி தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் இன்சூரன்ஸ் கம்பெனிகளின் பாலிசிகளுக்கு விதித்த நிபந்தனையும் கிட்டத்தட்ட இப்படித்தான்: வயது 18 ஆகியிருக்க வேண்டும், டாக்டர் ஆலோசனை வேண்டும், பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 35-உம் அதோடு இதய நோய், கடுமையான தூக்க மூச்சடைப்பு, கட்டுக்கடங்காத சர்க்கரை மாதிரி ஏதாவது ஒன்றும், மற்ற வழிகள் பலிக்காத பிறகு. இந்த 35, 40 கணக்கு 1991-ல் அமெரிக்காவில் போட்டது. நம் ஆட்களுக்கு இன்னும் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது என்பதால், ஆசியர்களுக்கு 27.5-லேயே ஆபரேஷனைப் பரிசீலிக்கலாம் என்று 2022-ல் உலக அளவிலான அறுவை மருத்துவர் சங்கங்களே மாற்றிச் சொல்லிவிட்டன. என் தங்கச்சிக்கு அந்த வாதமே தேவைப்படவில்லை, 55 எந்தக் கணக்கிலும் அடங்கும். ஆபரேஷனிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2024 ஏப்ரலில் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடை குறைக்கிற ஆபரேஷனுக்குப் போன 26 வயதுப் புதுச்சேரி இளைஞர் இறந்த செய்தியை வீட்டில் எல்லோரும் படித்தோம், அம்மா இரண்டு நாள் சோறு சாப்பிடவில்லை. அதனால் நாலு பரிசோதனை கூடுதலாகக் கேட்கட்டும், நல்லதுதான்.

என் வருத்தம் வேறு. நாலு வருடமாகச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்குகிற நோட்டு அவளிடம் இருக்கிறது. மாதாமாதம் எழுதியிருக்கிறார்கள்: சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, எத்தனை மாத்திரை. எடை ஒரு இடத்தில்கூட இல்லை. வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் அக்காவைக் குறை சொல்ல முடியாது, பையில் தராசையா தூக்கிக்கொண்டு வருவார்? ஆனால் அந்த ஒரு நம்பர் மாதாமாதம் இருந்திருந்தால், 9 கிலோ இறங்கினதும் 12 கிலோ ஏறினதும் தானாகத் தெரிந்திருக்கும்.

கடைசியில் கைகொடுத்தது என்ன தெரியுமா? பீரோவில் பிள்ளைகளின் ஜாதகத்தோடு கிடந்த பிரசவ அட்டை. ஆறு வருடத்துக்கு முன்னால், சின்னவன் வயிற்றில் இருந்தபோது, மாதாமாதம் எடை எழுதியிருக்கிறார்கள், 81-இல் தொடங்கி 90 வரை. பிள்ளைக்காகப் பார்த்த எடை அது, தாய்க்காகப் பார்த்ததில்லை. அதையும், மூன்று மாதம் உணவு ஆலோசகரிடம் போய் வந்த குறிப்பையும் சேர்த்து அனுப்பினார்கள். மூன்றாவது தடவை அனுமதி வந்தது. முதல் நாளிலிருந்து ஏழு மாதம்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 40.4 சதவீதப் பெண்கள் அதிக எடையோ உடல்பருமனோ உள்ளவர்கள். எல்லோருக்கும் ஆபரேஷன் வேண்டியதில்லை, ஆனால் எல்லோருக்கும் தராசு வேண்டும். 200 கிலோ வரை காட்டுகிற ஒன்று ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கட்டும், நூல் தராசு தேடி யாரும் வர வேண்டாம். என்னென்ன காகிதம் வேண்டும் என்று தமிழில் ஒரே ஒரு தாள் அச்சடித்து முதல் நாளே கையில் கொடுக்கட்டும். அப்புறம், ஆபரேஷன் முடிந்தால் காப்பீடு முடிந்தது. பி12, இரும்பு, கால்சியம் எல்லாம் ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும், அந்தச் செலவையும் யாராவது யோசிக்க வேண்டும்.

வாயைக் கட்டச் சொன்ன வாசகருக்கு டாக்டர் எங்களிடம் சொன்னதைச் சொல்கிறேன்: பசியைத் தூண்டுகிற கிரெலின் என்கிற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல்பக்கத்தில்தான் சுரக்கிறதாம், ஸ்லீவில் அந்தப் பாகமே போய்விடுகிறது. இப்போது தங்கச்சிக்கு இரண்டு இட்லியே பெரிய விருந்து. ஒன்பது மாதம் ஆகிறது, 94 கிலோ, பஸ்ஸில் தூங்குவதில்லை.

எடையை இப்போது சுவரில் எழுதுவதில்லை, நோட்டிலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன். போன மாதம் மாத்திரை கொண்டுவந்த அக்கா புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு நம்ம நோட்டுல கட்டம் இல்லீங்களே" என்றார். ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள் என்றோம்.

இப்படிக்கு,
ஒரு விசைத்தறித் தொழிலாளி,
பல்லடம்