மாட்ட அப்புறப்படுத்தச் சொன்னா போதுமா, கட்ட எடம் எங்க?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன கெழம எங்க தேயிலைத் தோட்டத்துப் புதுக் கிராமத்துக்கு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீஎச்ஐ) ஐயா வந்து, வீட்டோட மாடு கட்டியிருக்கிற 6 குடும்பத்துக்கும் 30 நாள்ல மாட்ட அப்புறப்படுத்தணும்னு சொல்லிட்டுப் போனாரு. யாரோ பெட்டிசன் போட்டிருக்காங்க, போட்டவங்கள நான் குறை சொல்ல மாட்டேன், ஏன்னா அந்த நாத்தம் எனக்கும் தெரியும். மேல்வீட்டு அக்காவோட கொட்டிலுக்கும் எங்க குசினி ஜன்னலுக்கும் நடுவுல 4 அடிகூட இல்ல. மழை புடிச்சா சாணித்தண்ணி கான்ல எறங்கி எங்க வாசல் வழியாத்தான் தண்ணி விழுற பீலிக்குப் போவுது. ஈ மொய்ச்ச சோத்த புள்ளைக்கு எப்படிக் குடுக்கிறது? மாட்டு மூத்திரத்தாலயும் எலிக்காய்ச்சல் பரவும்னு சொல்றாங்க, கால்ல வெடிப்பும் புண்ணுமா கொழுந்துக்குப் போற பொம்பளைங்க தெனமும் அந்தத் தண்ணியத்தான் மிதிச்சுக்கிட்டு போறாங்க.

ஆனா அந்த அக்காவுக்கு புருஷன் இல்ல, படிக்கிற புள்ளைங்க ரெண்டு, ஒரே ஒரு ஜேர்சி கலப்பு மாடு. விடிய 4 மணிக்கு எந்திரிச்சு பால் கறந்து, லொறி வர்ற எடத்துல ஊத்திட்டு, மலைக்குப் போய் கொழுந்தெடுத்து, பின்னேரம் தலையில புல்லுக்கட்டோடதான் வீட்டுக்கு வருவாங்க. கொழுந்து கொறஞ்சு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுற மாசத்துல பால் காசுலதான் அடுப்பெரியுது. 2022ல பால்மா கடையில கெடைக்காம, கெடைச்சாலும் அந்த வெலைக்கு வாங்க முடியாம நாங்க தவிச்சப்போ, காசு பொறவு பாத்துக்கலாம்னு என் சின்ன மகனுக்கு தெனம் ஒரு போத்தல் பால் குடுத்தது இந்த அக்காதான். அதுக்கு முந்தின வருஷம் ரசாயன உரத்துக்குத் தடை போட்டப்போ மரக்கறித் தோட்டக்காரங்க சாணிக்கு வீடு வீடா வந்து நின்னாங்க, அப்ப யாருக்கும் நாத்தம் தெரியல.

முன்ன லயத்துல (வரிசை வீட்டுல) 10க்கு 12 அடி காம்பராவுல கெடந்தோம், உண்மைதான், ஆனா மாட்டுப்பட்டி லயத்துக்குக் கீழ ஒதுக்குப்புறமா இருந்துச்சு. இப்ப 7 பேர்ச். அதாவது 1,900 சதுர அடி சொச்சம். அதுல 550 சதுர அடி வீடு, கக்கூஸ் குழி, நடக்க பாதை எல்லாம் போக மாட்ட எங்க கட்டுறது? தனி வீடு கெடைச்சது எங்க தலைமுறைக்கே பெரிய விஷயம், அத நான் மறக்கல. ஆனா ப்ளான் போட்டவங்க இது மாடு வளக்கிற சனம்னு யோசிக்கவே இல்ல.

எங்க வீடுகளுக்குக் கீழ, பீலிக்கு அங்கிட்டு, தேயிலை செத்து காடு புடிச்ச ஒரு மூலை சும்மா கெடக்கு. அதுல 20 பேர்ச் ஒதுக்கி பொதுக் கொட்டில் போட்டுக் குடுங்க. சீமெந்துத் தரையும் சாணிக் குழியும் இருந்தா கானுக்கு ஒண்ணும் வராது, 6 மாட்டுச் சாணிக்கு ரெண்டு மூணு வீட்டு அடுப்புக்கு பயோகேஸும் எடுக்கலாம். செவரும் கதவும் லைட்டும் கட்டாயம் வேணும், தள்ளிக் கட்டினா புலி (சிறுத்தையத்தான் நாங்க புலிங்கிறோம்) அடிச்சிரும்ங்கிற பயத்துலதான் சனம் மாட்ட வாசலுக்கே கொண்டு வந்து கட்டுது, அந்தப் பயம் பொய்யில்ல, நாய புலி தூக்கிட்டுப் போனத பாத்தவங்க நாங்க.

தோட்ட நிர்வாகம், பிரதேச சபை, கால்நடை வைத்தியர் மூணு பேரும் ஒருக்கா ஒண்ணா வந்து அந்த எடத்தப் பாக்கட்டும். அக்காவோட மாடு இப்ப 5 மாசச் சினை. நோட்டீஸ் விஷயம் கேள்விப்பட்டு மாட்டு யாவாரி வந்து பாதி வெலைக்குக் கேட்டுட்டுப் போயிருக்கான். இன்னும் 22 நாள்தான் இருக்கு.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துல இருந்து ஒரு வாசகி